பத்து அங்குலச் சால்

அமெரிக்காவில் டிராக்டர் வைத்திருப்பவரெல்லாம் விவசாயி இல்லை. இந்தியானா, ஒஹாயோ, விஸ்கான்சின் பக்கம் ஊருக்குச் சற்று வெளியே அரை ஏக்கர், ஒரு ஏக்கர் மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவர் பள்ளி ஆசிரியராக இருப்பார், தபால்காரராக இருப்பார், கார் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவராக இருப்பார். வீட்டுக்குப் பின்னால் கொட்டகைக்குள் சிவப்பிலோ மஞ்சளிலோ பச்சையிலோ ஒரு குட்டி டிராக்டர் நிற்கும். கோடை முழுக்க அதற்குப் புல் வெட்டும் வேலை. குளிர்காலத்தில் வாசலில் விழுந்த பனியைத் தள்ளும் வேலை. வருஷத்தில் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள், புல்வெட்டும் தட்டைக் கழற்றிவிட்டுப் பின்னால் கலப்பையை மாட்டுவார்கள்.

ஒரு நாள் வேலைக்கு ஒரு கட்டுரையா என்று கேட்கலாம். அந்த வண்டியின் உடம்பே அந்த ஒரு நாளுக்காகச் செய்யப்பட்டது என்பதுதான் பதில். புல் வெட்ட மட்டும் என்றால் தகரமும் மெல்லிய அச்சும் போதும். அப்படிப்பட்ட வண்டிகள் அங்கே கடைக்குக் கடை கிடைக்கின்றன. அவற்றில் கலப்பையைப் பூட்டினால் பின்னச்சுப் பெட்டி தாங்காது. உழவுக்குத் தாங்கும் வண்டி வேறு ரகம்: வார்ப்பிரும்புப் பெட்டிக்குள் பற்சக்கரங்கள், 23 அங்குல உயரத்தில் பின்சக்கரங்கள், 300 முதல் 400 கிலோ வரை எடை. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் ஏமாறுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

உழவர் வருவாரா?

வீட்டுத் தோட்டம் என்றதும் நாலு வெண்டைச் செடி, ஒரு முருங்கை, கிணற்றடியில் வாழை என்று நம் கொல்லை நினைவுக்கு வரும். அங்கே நாட்டுப்புறத்தில் 50 அடிக்கு 100 அடி என்பது சாதாரணம். நம் கணக்கில் பதினொன்றரை சென்ட். உருளைக்கிழங்கு, மக்காச்சோளம், தக்காளி, பீன்ஸ், பூசணி என்று போட்டு, தின்றதுபோக மீதியைக் கண்ணாடிப் புட்டிகளில் அடைத்துக் குளிர்காலத்துக்கு நிலவறையில் அடுக்கிவைப்பார்கள். இரண்டாம் உலகப்போரின்போது இது வீட்டுக்காரியம் என்ற நிலையைத் தாண்டி நாட்டுக் காரியமாகவே ஆனது. 1943-ல் ‘வெற்றித் தோட்டம்’ என்ற பெயரில் ஏறத்தாழ 2 கோடித் தோட்டங்கள் இருந்தன. நாடு தின்ற காய்கறியில் சுமார் 40 சதவீதம் அவற்றிலிருந்து வந்ததாக ஒரு மதிப்பீடு உண்டு. எலினார் ரூஸ்வெல்ட் வெள்ளை மாளிகைப் புல்வெளியிலேயே பாத்தி கட்டவைத்தார்.

இத்தனை தோட்டத்தையும் உழுவது யார்? பதினொரு சென்ட்டை மண்வெட்டியால் கொத்திப் பார்த்தவருக்குத்தான் அந்தக் கேள்வியின் கனம் தெரியும். பக்கத்துப் பண்ணைக்காரர் குதிரையும் கலப்பையுமாக வந்து உழுதுகொடுத்துக் கூலி வாங்கிப்போவது அங்கே பழைய வழக்கம். குதிரை போய் டிராக்டர் வந்தது. டிராக்டர் வருஷத்துக்கு வருஷம் பெருத்தது. பனி உருகி மண் பதத்துக்கு வரும் அதே நாட்களில்தான் பண்ணைக்காரருக்கும் நூறு ஏக்கர் காத்துக்கிடக்கும். பதினொரு சென்ட்காரர் வரிசையில் கடைசி.

பத்து சென்ட்டுக்கு டிராக்டர் கூப்பிட்டுப் பார்த்த நம்மூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. “வண்டி திரும்பவே எடம் பத்தாதுங்க. அந்தப் பக்கம் வர்றப்போ பாத்துக்கலாம்” என்பார் ஓட்டுநர். அந்தப் பக்கம் அவர் வரவே மாட்டார்.

உழவர் வராத இந்தச் சங்கடத்துக்கு முதலில் விடை தேடியவர்களில் ஒருவர் புகைப்படக்காரர். பெயர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் கிரேவ்லி. மேற்கு வர்ஜீனியாவில் படம் எடுத்துப் பிழைத்த இவர், 1911-ல் ஒரு பழைய ‘இந்தியன்’ மோட்டார் சைக்கிளின் பாகங்களைக் கைக்கலப்பையோடு இணைத்துத் தன் கொல்லையில் ஓட்டிப் பார்த்தார். ஒற்றைச் சக்கரம், இரண்டு கைப்பிடி. ஓட்டுபவர் பின்னாலேயே நடக்க வேண்டும். 1916-ல் காப்புரிமை கிடைத்தது. பிறகு டன்பார் என்ற ஊரில் தொழிற்சாலை எழுந்தது.

உட்கார்ந்து ஓட்டும் வண்டி பரவலாக வருவதற்கு இரண்டாம் உலகப்போர் முடிய வேண்டியிருந்தது. 1946-ல் இந்தியானாவின் சவுத் பெண்ட் நகரில் செசில் பாண்ட் தொடங்கிய கம்பெனிதான் பின்னாளில் ‘வீல் ஹார்ஸ்’ என்று பேர்வாங்கியது. 1947-ல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் தன் பெரிய டிராக்டர்களைச் சுருக்கி ‘ஃபார்மால் கப்’ என்ற சின்ன டிராக்டரை விட்டது. அதையும் சுருக்கி, அதன் பின்னச்சு வடிவத்தையே எடுத்துக்கொண்டு, 1961-ல் ‘கப் கேடட்’ வந்தது. 1963-ல் ஜான் டியர் தன் 110-ஐ இறக்கியது. இரண்டிலும் 7 குதிரைத்திறன் கோலர் எஞ்சின். நகரை ஒட்டி வீடுகள் பெருகிய காலம் அது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் புல்வெளிக்காகத்தான் வாங்கினார்கள். கலப்பை தனியாக விற்ற துணைக்கருவி. அந்தக் கலப்பைகளைப் பல கம்பெனி வண்டிகளுக்கும் செய்துகொடுத்த பிரின்லி-ஹார்டி நிறுவனம், 1839-ல் கென்டக்கியில் ஒரு கொல்லுப்பட்டறையாகத் தொடங்கியது. குதிரைக்குக் கலப்பை அடித்த கைதான் குட்டி டிராக்டருக்கும் அடித்தது.

இடையில் ஒரு விநோதத்தைச் சொல்லாமல் போக மனமில்லை. 1969-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் ‘எலெக்-டிராக்’ என்ற பேட்டரி டிராக்டரைக் கொண்டுவந்தது. ஆறு ஈயப் பேட்டரி, 36 வோல்ட். புகையில்லை, இரைச்சலில்லை. 1975-ல் அதை நிறுத்தியும் விட்டார்கள். மின்சார வண்டிகளைப் பற்றி இன்று பேசுபவர்கள் அந்த ஈயப் பேட்டரிகளின் எடையைக் குறையாகவே சொல்வார்கள். உழவைப் பொறுத்தவரை அந்த எடை வரம். ஏன் என்று பார்க்கக் கலப்பைக்கு வர வேண்டும்.

எடைக் கணக்கு

நம் நாட்டுக்கலப்பை மண்ணைக் கிழிக்கும், புரட்டாது. கொழு போன தடத்தில் ஒரு கூம்புப் பள்ளம் விழும்; இரண்டு சாலுக்கு நடுவே உழாத மண் மிஞ்சும். அதனால்தான் குறுக்கே மறுஉழவு ஓட்டுகிறோம். குளிர்நாட்டுக் கலப்பையின் வேலை வேறு. முன்னால் உருளும் வட்டத்தகடு மண்ணைச் செங்குத்தாக அறுக்கும். கொழு அடியில் கிடைமட்டமாக அறுக்கும். அறுபட்ட மண்பட்டையை வளைந்த இரும்புப் பலகை ஏந்தி, தோசையைத் திருப்புவதுபோல, பக்கத்தில் கவிழ்த்துவிடும். புல்லும் களையும் அடியில் போய்விடும். அடிமண் மேலே வரும். அந்தப் பலகையின் வளைவைக் கணிதமாக வகுக்க முயன்றவர்களில் தாமஸ் ஜெஃபர்சனும் ஒருவர். அமெரிக்காவின் மூன்றாவது குடியரசுத் தலைவரான அதே ஜெஃபர்சன்தான். வார்ப்பிரும்புப் பலகையில் நடுமேற்கின் பசைமண் ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தபோது, 1837-ல் இல்லினாயில் கிராண்ட் டிட்டூர் என்ற ஊரில் ஜான் டியர் என்ற கொல்லர் பழைய ரம்பத் தகட்டு எஃகைப் பளபளப்பாகத் தீட்டிக் கலப்பை செய்தார். மண் வழுக்கிக்கொண்டு போனது. இன்றைக்கும் துருப்பிடித்த பலகையோடு உழ முடியாது. உழவு முடிந்த அன்றே பலகையில் எண்ணெயோ கிரீஸோ தடவி வைக்காதவர், அடுத்த வருஷம் மண் ஒட்டிய கலப்பையோடு அரைநாள் மல்லுக்கட்டுவார்.

குட்டி டிராக்டருக்குப் பத்து அங்குலக் கலப்பை. ஆழம் ஆறு அங்குலம். ‘அகல உழுவதைவிட ஆழ உழு’ என்ற நம் பழமொழி இந்தக் கலப்பையிடம் செல்லாது. அகலத்தில் பாதிக்கு மேல், மூன்றில் இரண்டுக்குள் ஆழம் இருந்தால்தான் மண்பட்டை ஒழுங்காகக் கவிழும். அதைத் தாண்டி ஆழப்படுத்தினால் பட்டை செங்குத்தாக நின்று திரும்பச் சாலுக்குள்ளேயே விழும்.

பத்துக்கு ஆறு என்றால் கலப்பை ஒரே நேரத்தில் அறுக்கும் மண்ணின் முகம் 60 சதுர அங்குலம். நடுத்தர மண்ணில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 3 கிலோ இழுவை என்று வையுங்கள். மணலில் இது பாதியாகும், களியில் இரட்டிக்கும். ஆக 180 கிலோ இழுக்க வேண்டும். மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் இதற்குத் தேவையான திறனைக் கணக்குப் போட்டால் மூன்று குதிரைத்திறன்கூட வராது. 7 குதிரைத்திறன் எஞ்சினுக்கு இது சாதாரணம். பிறகு ஏன் புதிதாகக் கலப்பை பூட்டியவரின் வண்டி சக்கரம் மட்டும் சுழன்று நின்ற இடத்திலேயே குழி பறிக்கிறது?

சக்கரம் மண்ணில், தன்மேல் இருக்கும் எடையில் ஏறத்தாழ பாதியைத்தான் இழுவையாகத் தரும். 350 கிலோ வண்டி, 75 கிலோ மனிதர். மொத்தத்தில் மூன்றில் இரண்டுக்குக் கொஞ்சம் குறைவாகப் பின்சக்கரங்களில் இறங்கும், 275 கிலோ. பாதி 138. தேவை 180. சக்கரம் சுழலாமல் என்ன செய்யும்? சக்கரத்துக்கு 25 கிலோ வீதம் வார்ப்பிரும்பு வட்டுகளைத் திருகி, டயருக்குள்ளும் ஆளுக்கு 25 கிலோ உப்புநீர் ஊற்றினால் பின்னெடை 375. இப்போது 187 கிலோ இழுக்கும். தப்பித்தோம். கால்சியம் குளோரைடு கரைத்த நீர்தான் பழைய வழக்கம். உறையாது, ஆனால் சக்கர வட்டைத் தின்றுவிடும். இப்போது பீட்ரூட் வகைக் கிழங்கின் சாற்றை ஊற்றுகிறார்கள். இதற்கு மேல் டயரைச் சுற்றிச் சங்கிலி. புல்வெளிக்கென்று வரும் வழவழப்பான டயரோடு சங்கிலி இல்லாமல் இறங்குவது வீண்வேலை. ஆக, விளம்பரத்தில் குதிரைத்திறனைப் பெரிய எழுத்தில் போடுவது கடைக்காரரின் சாமர்த்தியம். உழப்போகிறவர் கேட்க வேண்டியது வண்டி எவ்வளவு கனம் என்று.

முதல் சால் மட்டும் சமதரையில் ஓடும். இரண்டாவது சாலிலிருந்து வலதுபக்கச் சக்கரங்கள் ஏற்கெனவே வெட்டிய பள்ளத்துக்குள் இறங்கி ஓட வேண்டும். வண்டி வலதுபக்கம் சாய்ந்தே போகும். முதன்முதலில் ஓட்டுபவர்கள் கவிழ்ந்துவிடுமோ என்று பயப்படுவார்கள். வண்டி சாய்ந்தாலும் கலப்பை நிமிர்ந்து நிற்க வேண்டும். அதனால் கொட்டகையிலேயே இடதுசக்கரத்தின் கீழ் ஆறு அங்குல மரக்கட்டையை வைத்து, அந்தச் சாய்வில் கலப்பையை மட்டம் பார்த்து இறுக்கிக்கொள்வது அனுபவசாலிகளின் வழக்கம். டயரின் அகலமும் இங்கே பேசும். எட்டரை அங்குல டயர் பத்து அங்குலச் சாலில் அடங்கும். பத்தரை அங்குல டயர் அடங்காது. சாலின் சுவரை மிதித்து ஏறி, உழவைக் கோணலாக்கும்.

உழும் வரிசையிலும் சூட்சுமம் உண்டு. கலப்பை எப்போதும் வலதுபக்கமே கவிழ்க்கும். தோட்டத்தின் நடுவில் ஒரு கோடு இழுத்து, போகும்போது ஒரு பட்டையையும் வரும்போது ஒரு பட்டையையும் ஒன்றன்மேல் ஒன்று சாயவைத்தால் நடுவில் ஒரு மேடு எழும். அதைச் சுற்றிச் சுற்றி வந்தால் கடைசியில் இரு ஓரங்களிலும் திறந்த பள்ளம் நிற்கும். ஓரத்தில் தொடங்கினால் பள்ளம் நடுவில் வந்து நிற்கும். வருஷாவருஷம் ஒரே இடத்தில் தொடங்குபவரின் தோட்டம் சில வருஷங்களில் நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்துவிடும். ஆகவே ஒரு வருஷம் உள்ளிருந்து, மறுவருஷம் வெளியிலிருந்து.

50 அடி அகலத்தைப் பத்து அங்குலமாக வெட்டினால் 60 சால். ஒவ்வொன்றும் 100 அடி. மொத்தம் 1.8 கிலோமீட்டர். நடைவேகத்தில் அரைமணி, திருப்பங்களுக்கு இன்னோர் அரைமணி. ஒரு மணி நேரத்தில் ஒருவர் உட்கார்ந்த இடத்திலேயே ஏறத்தாழ 90 டன் மண்ணைப் புரட்டிவிடுகிறார். உழவர் வருவாரா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த குடும்பத்துக்கு அந்த ஒரு மணி நேரம் என்னவாகத் தெரிந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். ஆனால் வண்டி திரும்ப இரு முனையிலும் பத்துப் பன்னிரண்டு அடி வேண்டும். 20 அடிக்கு 20 அடித் தோட்டத்துக்கு இதை இறக்குவது கோமாளித்தனம். கடப்பாரையும் மண்வெட்டியும் சீக்கிரம் முடித்துவிடும்.

ஆபத்தையும் சொல்ல வேண்டும். மண்ணுக்குள் ஒரு பாறையிலோ மரவேரிலோ கொழு மாட்டிக்கொண்டால் எஞ்சின் நிற்காது. சக்கரம் வழுக்காமல் பிடித்திருந்தால் வண்டியின் மூக்கு மேலே எழும். கலப்பையைப் பின்னச்சின் உயரத்துக்குக் கீழே பூட்டியிருந்தால் தப்பலாம். மேலே எங்கோ கட்டியிருந்தால் வண்டி மல்லாந்து ஓட்டுபவர்மேல் விழும். இந்தச் சின்ன வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கவிழ்ந்தால் காக்கும் இரும்பு வளைவு கிடையாது. புது இடத்தில் உழுவதற்கு முன் அமெரிக்காவில் 811 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். எரிவாயுக் குழாயும் மின்கம்பியும் போகும் தடத்தில் ஆட்கள் வந்து இலவசமாகக் குறியிட்டுப் போவார்கள். 2007 முதல் நாடு முழுவதற்கும் இந்த ஒரே எண். கழிவுநீர்த் தொட்டியிலிருந்து நீர் பரவும் குழாய்களை மட்டும் வீட்டுக்காரரேதான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பதம்

இவ்வளவும் சரியாக இருந்து பதம் தப்பினால் எல்லாம் போச்சு. அங்கே செய்யும் சோதனை நமக்கும் தெரிந்ததுதான். ஆறு அங்குல ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து உருண்டை பிடிப்பது. கட்டைவிரலால் அழுத்தினால் உதிர வேண்டும். பிசுக்கென்று அமுங்கி ரேகை பதிந்தால் இன்னும் நாலு நாள் பொறுக்க வேண்டும். ஈரக் களிமண்ணை உழுதால் கலப்பைப் பலகை அதை மினுமினுவென்று பூசிவிடும். காய்ந்ததும் செங்கல் கட்டி. அந்தக் கட்டி உடைய ஒரு பருவம் போதாது. சாலின் அடியில் கொழுவும் சக்கரமும் தேய்த்த இடம் இறுகி வேர் இறங்காத தளமாகும்.

அமெரிக்கரின் பெரிய சோதனை இங்கேதான். வாரநாளில் வேலைக்குப் போகிறவருக்குச் சனிக்கிழமைதான் ஓய்வு. வெள்ளிக்கிழமை மழை பெய்திருக்கும். வண்டி தயார், பெட்ரோல் தயார், ஆளும் தயார், மண் தயாரில்லை. கூலிக்கு வரும் உழவருக்கு மண்ணைப் பார்த்ததும் “இன்னைக்கு ஆகாது” என்று சொல்லத் தெரியும். மாடாக இருந்தால் சேற்றில் நின்றுவிடும். சொந்த வண்டிக்குச் சொல்லவும் தெரியாது, நிற்கவும் தெரியாது. குட்டி டிராக்டர் கெடுத்த தோட்டங்களில் பல இப்படி ஈரத்தில் உழுது கெட்டவையே.

அதனால் விவரமானவர்கள் இலையுதிர்காலத்தில், அறுவடை முடிந்ததும், உழுதுவிடுகிறார்கள். அப்போது அவசரமில்லை, மண்ணும் காய்ந்திருக்கும். புரட்டிய கட்டியை அப்படியே விட்டுவிடுவார்கள். குளிர்காலத்தில் மண்ணிலிருக்கும் நீர் உறைந்து விரியும், உருகிச் சுருங்கும்; மாறி மாறி நடக்க, வசந்தத்தில் கட்டிகள் தானாகப் பொலபொலத்துக் கிடக்கும். சரிவான நிலத்தில் மட்டும் இது கூடாது. பனி உருகும் நீர் மேல்மண்ணை வாரிக்கொண்டு போகும். நமக்கு உறைபனி இல்லை, வெயில் இருக்கிறது. ஒரு பலம் புழுதி கால் பலமாக உணங்கும்படி உழுது போட்டால் பிடி எருவும் வேண்டாம் என்று வள்ளுவர் சொன்னதும், இன்றைய வேளாண்துறை கோடை உழவு ஓட்டச் சொல்வதும் வெயிலைக் கொண்டு மண்ணைப் பக்குவப்படுத்தும் அதே உத்திதான். புழுவும் கூட்டுப்புழுவும் மேலே வந்து காய்வதும் பறவைக்கு இரையாவதும் இரு நாட்டிலும் ஒன்று. அங்கே சால் பின்னால் ராபின் வரும். இங்கே கொக்கும் மைனாவும்.

உழாதவர்கள்

உழவர் வராத சங்கடத்துக்கு இன்னொரு விடையும் அதே நாட்டில், அதே காலத்தில் கிடைத்தது. அதைக் கண்டவர் கனெக்டிகட் மாநிலத்தில் ரெட்டிங் என்ற ஊரில் தோட்டம் போட்டிருந்த ரூத் ஸ்டவுட். துப்பறியும் நாவல்கள் எழுதிய ரெக்ஸ் ஸ்டவுட்டின் அக்கா. ஒவ்வொரு வசந்தத்திலும் உழவருக்காகக் காத்திருந்து சலித்துப்போனவர். 1944-ல், அறுபதை நெருங்கிய வயதில், தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தபோது அஸ்பாரகஸ் பாத்தி கண்ணில் பட்டது. ஒரு முறை நட்டால் வருஷக்கணக்கில் தானாக முளைக்கும் காய் அது. அதற்கு யாரும் உழுவதில்லையே, மற்றவற்றுக்கு மட்டும் ஏன் என்று கேட்டுக்கொண்டார். உழாமல் விதைத்தார். தோட்டம் முழுக்கக் கெட்டுப்போன உலர்புல்லை எட்டு அங்குலக் கனத்துக்குப் பரப்பினார். களை எழவில்லை, ஈரம் காயவில்லை, அடியில் மண் மெத்தென்றானது. 1955-ல் அதைப் புத்தகமாக எழுதினார். இடுப்பு வலிக்காமல் தோட்டம் போடுவது எப்படி என்பதுதான் அதன் சாரம். 96 வயதுவரை வாழ்ந்தார்.

ரூத் ஸ்டவுட் உழவை நிறுத்தியதற்கு ஒரு வருஷம் முன்பு, 1943-ல், எட்வர்ட் ஃபாக்னர் என்பவர் ‘ப்ளோமேன்ஸ் ஃபாலி’ என்ற புத்தகத்தில் புரட்டும் கலப்பையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருந்தார். உழவுக்கு அறிவியல் காரணம் எதையும் எவரும் இதுவரை காட்டவில்லை என்பது அவர் வாதம். அவர் வேளாண் அலுவலராக இருந்தவர். அதனால்தான் அடி பலமாக விழுந்தது. புத்தகம் பரபரப்பாக விற்றது. காலமும் அதற்குத் தோதாக இருந்தது. ஓக்லஹோமா, கன்சாஸ் புல்வெளிகளை உழுது கோதுமை போட்ட நிலம், 1930-களின் வறட்சியில் புழுதியாகப் பறந்து ஊர்களை மூடியிருந்தது. 1935 ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை, பகலே இருண்டுபோனது. அதே மாதம் மண்வளப் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

கொல்லையில் பத்து அங்குலச் சால் ஓட்டுபவரை அந்தப் புழுதிக்குப் பொறுப்பாக்குவது நியாயமில்லை. பதினொரு சென்ட்டும் பத்து லட்சம் ஏக்கரும் ஒன்றல்ல. ஆனாலும் உழவின் விலை சின்ன இடத்திலும் உண்டு. புரட்டும்போது காற்றுப் புகுந்து நுண்ணுயிர்கள் மக்கை வேகமாகத் தின்று தீர்க்கின்றன. மண்புழு குறைகிறது. களையை அடியில் புதைத்ததாக நினைக்கிறோம். போன வருஷம் புதைத்த விதையை அதே வேலையில் மேலே கொண்டுவருகிறோம். அந்த விதைகளுக்கு ஆயுள் கெட்டி. 1879-ல் மிச்சிகனில் வில்லியம் பீல் என்ற தாவரவியலாளர் 20 புட்டிகளில் களைவிதைகளை மணலோடு கலந்து புதைத்துவைத்தார். இடைவெளி விட்டு ஒவ்வொரு புட்டியாக அவருக்குப் பின்னும் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். 2021-ல் எடுத்த புட்டியிலிருந்து, 142 வருஷம் மண்ணுக்குள் கிடந்த விதைகள் முளைத்தன.

அப்படியானால் ரூத் ஸ்டவுட் சொன்னதுதான் சரியா? அவர் தோட்டம் அதற்கு முன் பதினாலு வருஷம் உழுதெடுத்த தோட்டம் என்பதை அவருடைய ரசிகர்கள் மறந்துவிடுகிறார்கள். புல் வேரோடிக் கெட்டிப்பட்ட புதுத் தரையில் உலர்புல்லைப் பரப்பிவிட்டு அந்த வருஷமே உருளைக்கிழங்கு மூட்டையாக விளையும் என்று எதிர்பார்க்க முடியாது. உலர்புல்லும் வண்டி வண்டியாக வேண்டும். நம் ஊரில் அத்தனை வைக்கோல் கிடைத்தால் மாடு விடாது. மாடு விட்டால் கரையான் விடாது. என் கட்சி இதுதான்: புதுத் தரையை உடைக்கக் கலப்பை வேண்டும், உடைத்தபின் அது வருஷாவருஷம் வேண்டியதில்லை. முதல் வருஷம் ஆழ உழுது, எருவையும் இலைதழையையும் மண்ணுக்குள் சேர்த்தவர், அடுத்தடுத்த வருஷங்களில் மேலோட்டமாகக் கிளறுவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சுழலும் கத்தி

மேலோட்டமாகக் கிளறுவது என்றதும் இன்று எல்லாருக்கும் ரொட்டவேட்டர்தான் நினைவுக்கு வரும். சுவிட்சர்லாந்தில் கொன்ராட் ஃபான் மையன்பர்க் 1910-ஐ ஒட்டிச் சுழலும் கொத்துகளுக்குக் காப்புரிமை வாங்கினார். ஆஸ்திரேலியாவில் கிளிஃபர்ட் ஹவர்ட் என்ற இளைஞர் 1912-ல் அப்பாவின் பண்ணையில் தன் சோதனையைத் தொடங்கினார். 1930-களில் நியூயார்க் மாநிலத்தின் டிராய் நகரிலிருந்து நடந்தபடி ஓட்டும் சுழல்கொத்து வண்டிகள் அமெரிக்கக் கொல்லைகளுக்குள் நுழைந்தன. கலப்பைக்கு வேண்டிய எடை இதற்கு வேண்டாம். கத்தி சுழலும்போது வண்டியைத் தானே முன்னால் தள்ளும். கட்டி உடைக்க, பரம்படிக்க என்று மறுவேலை இல்லை. ஒரே ஓட்டத்தில் விதைப்புக்குத் தயார். குட்டி டிராக்டரின் கலப்பை கொட்டகை மூலைக்குப் போனதற்கு முதல் காரணம் இதுதான்.

தமிழ்நாட்டுக்கு இந்தச் சுழல்கத்தி வந்த வழி ஜப்பான். பெங்களூரில் 1967-ல் மிட்சுபிஷியின் தொழில்நுட்பத்தோடு தொடங்கிய வி.எஸ்.டி. நிறுவனத்தின் பவர் டில்லர் காவிரிப் படுகையின் தொழி உழவுக்குப் பழகியது. இப்போது இன்னும் சின்னதாகப் பவர் வீடர். தென்னந்தோப்பிலும் காய்கறித் தோட்டத்திலும் வீட்டுக்கொல்லையிலும் அதுதான் ஓடுகிறது, அரசு மானியமும் உண்டு. பத்து சென்ட்காரர் இனி டிராக்டர்காரரின் தயவுக்கு நிற்க வேண்டாம் என்றால் நல்ல காரியம்தான்.

ஆனால் கோரை மண்டிய நிலத்தில் இதை விடுபவர்களை என்ன சொல்வது? கோரைக்கிழங்குகள் அடியில் சரம்சரமாகக் கோத்துக் கிடக்கும். கத்தி அந்தச் சரத்தை அறுத்துத் தோட்டம் முழுக்க இறைக்கும். அறுபட்ட ஒவ்வொன்றும் தனித்தனியாக முளைக்கும். அருகம்புல்லும் அப்படியே, ஒரு கணு போதும். ஒரு முறை ஓட்டிவிட்டு “பளிச்சுன்னு ஆயிடுச்சு” என்று சந்தோஷப்பட்டவர் மூன்றாவது வாரம் பார்க்கும்போது முன்பைவிட அடர்த்தியாகப் பச்சை தெரியும். அமெரிக்கத் தோட்டக்காரர்கள் குவாக்கிராஸ் என்ற வேர்ப்புல்லிடம் பட்டதும் இதே பாடுதான். அந்த இடத்தில் மண்ணை முழுப்பட்டையாகப் புரட்டி, கிழங்கை வெயிலில் காயவிடும் பழைய உழவே மேல். தவிர, கத்தி திரும்பத் திரும்ப ஒரே ஆழத்தில் சுழன்றால் மேலே பொடியும் கீழே தளமுமாக மண் இரண்டடுக்காகும். முதல் மழையில் அந்தப் பொடி இறுகிப் பொருக்குத் தட்டும். கீரை விதை அதை முட்டிக்கொண்டு வெளியே வர முடியாது. இரண்டு ஓட்டத்தில் நிறுத்த வேண்டியதை, இன்னும் கொஞ்சம் நைசாகட்டும் என்று நான்காவது ஓட்டம் ஓட்டுவதில்தான் பெரும்பாலோர் கெடுக்கிறார்கள். பெட்ரோல் தீரும்வரை ஓட்டுபவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அமெரிக்காவில் 1980-களுக்குப் பிறகு கனமான தோட்ட டிராக்டர்களின் சந்தை மெலிந்தது. வீட்டுத் தோட்டம் சுருங்கியது. மலிவான புல்வெட்டி வண்டி போதும் என்றானது. வீல் ஹார்ஸை 1986-ல் டோரோ நிறுவனம் வாங்கிக்கொண்டது. உண்மையாகவே உழ வேண்டியவர்கள் டீசல் எஞ்சினும் நான்கு சக்கர இழுவையும் கொண்ட, குபோட்டா போன்ற ஜப்பானியச் சிறு டிராக்டர்களுக்குப் போய்விட்டார்கள். பழைய வண்டிகள் சாகவில்லை. வார்ப்பிரும்பு அத்தனை லேசில் சாகாது. ஐம்பது வருஷத்து எஞ்சினைப் பிரித்துப் பூட்டி, சக்கர எடைகளுக்கு வண்ணமடித்து, வசந்தத்திலோ இலையுதிர்காலத்திலோ யாராவது ஒருவர் வயலில் பத்திருபது பேர் கூடி ஆளுக்கு நாலு சால் ஓட்டிப் பார்க்கும் உழவு நாட்கள் நடுமேற்கில் நடக்கின்றன. விளைச்சலுக்கு அதில் வேலையில்லை; யாருடைய சால் நேராக இருக்கிறது என்பதே பேச்சு.

வேலைக்கு ஓடும் பழைய வண்டிகளில் இன்று மவுசு மிகுந்தது அல்லிஸ்-சால்மர்ஸ் ஜி. 1948-லிருந்து 1955 வரை அலபாமாவின் காட்ஸ்டன் நகரில் செய்த வண்டி. எஞ்சின் பின்னால் இருக்கும். ஓட்டுபவருக்கு முன்னால் வெறும் இரண்டு இரும்புக் குழாய், அதற்குக் கீழே செடி வரிசை கண்ணுக்கு நேராகத் தெரியும். இயற்கைமுறைக் காய்கறிப் பண்ணைக்காரர்கள் இதைத் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். சிலர் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு மின்மோட்டாரும் பேட்டரியும் வைத்துக்கொள்கிறார்கள். கலப்பை மாட்டுபவர் குறைவு. வரிசைகளுக்கு நடுவே ஓரங்குல ஆழத்தில் மண்ணைச் சீண்டி, முளைவிடும் களையை மட்டும் அறுத்துப் போகும் சின்னக் கத்திகளை மாட்டி, கேரட்டுக்கும் கீரைக்கும் இடையே நடைவேகத்தைவிட மெதுவாக ஓட்டுகிறார்கள்.